பதினான்காம் விதி

மார்ச் 4

கெண்டைக்கு,

உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்திருப்பாய். கிழித்தாலும் அண்ணி துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு என் வணக்கம். உனக்கு வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போன் பண்ணலாமே என்று மகள் கேட்டாள். "பெரியப்பாவுக்கு ஒரு காதுதான் கேட்கும்மா. பேசறது நான்னு தெரிஞ்சா அதையும் பொத்திக்குவான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நாம் பேச்சை நிறுத்தியபோது அவளுக்கு வயது பதினொன்று. இன்றைக்கு அவளுக்கே பதினொரு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். கணக்குப் போட்டுக்கொள்.

நான் மகள் வீட்டில் இருக்கிறேன். கடல் வாசனையே வராத ஊர். மாடியில் ஒரு அறை, ஒரு ஜன்னல், எதிரே பஞ்சர் ஒட்டும் கடை. துறைமுகத்தில் தண்ணீருக்கடியில் உனக்குக் காற்று அனுப்பிய மாதிரியே அங்கே ஒரு கம்ப்ரசர். அது ஓட ஆரம்பித்தால் என் கை தானாகக் கயிற்றைத் தேடுகிறது. பதினாறு வருடம் நீ கீழே, நான் மேலே, நடுவில் கயிறு. பழக்கம் போகவில்லை. ஆனால் கைதான் போய்க்கொண்டிருக்கிறது. கழுத்தெலும்புக்குள் நரம்பு நசுங்கிவிட்டதாம். வலது கையில் விரல் இருப்பதே தெரிவதில்லை. சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன், மருமகன் ஓடிவந்து பிடுங்கினான். உள்ளங்கை வெந்திருந்தது. கழுத்தைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். திறந்தால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், எழுந்திருக்காமலே போகவும் வாய்ப்பு உண்டு என்றாள் டாக்டர். சின்னப் பெண், மூன்றையும் ஒரே குரலில் சொன்னாள்.

அதனால்தான் எழுதுகிறேன். உன்னிடம் ஒரு கேள்வி. விசாரணையில் அதிகாரி கேட்டார், நீ அவருக்குப் பதில் சொன்னாய். என்னிடம் நீ சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்குக் கவிழ்ந்த சரக்குப் படகுக்குள் நீ இருந்தாய். நலமா என்று மேலிருந்து கயிற்றில் கேட்டேன். நீ ஒருமுறை இழுத்தாய். அந்த இழுப்பு நிஜமா?

அவ்வளவுதான். ஆம் அல்லது இல்லை. ஒரு அட்டையில் எழுதிப் போட்டால் போதும்.

முடிச்சு


மார்ச் 17

முடிச்சுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழிக்கிற அளவுக்கு அதில் விஷயம் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில், துறைமுகத்தில் டைவராகச் சேர்ந்த பிறகு, அங்கே கொடுத்த விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் அந்தப் புத்தகம் எனக்கு வரிவரியாகத் தெரியும். பதினான்காம் விதியை உனக்கு மறுபடி எழுதுகிறேன்.

மேலே கயிறு பிடிப்பவர் ஒருமுறை இழுத்தால், நலமா என்று கேட்பதாகப் பொருள். கீழே இருப்பவர் ஒருமுறை இழுத்தால், நலம் என்று பொருள். கீழே இருப்பவர் நான்குமுறை இழுத்தால் அவரைத் தூக்க வேண்டும். மூன்று தடவை கேட்டும் கீழிருந்து பதில் இல்லையென்றாலும் தூக்க வேண்டும்.

விதி அத்தோடு முடிகிறது. கயிறு பிடிப்பவருக்கு மனதில் ஏதாவது தோன்றினால் தூக்கலாம் என்று ஒரு வரி அதில் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

நீ கேட்டாய். நான் நலம் என்றேன். நீ தூக்கினாய். உள்ளே எஞ்சின் அறையில் மாட்டிக்கொண்ட மனிதர் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். என் கை அந்த அறையின் கதவில் பட்டிருந்தது. நீ ஆள் சேர்த்துக்கொண்டு இழுத்த வேகத்தில் என் இடது காது உள்ளே கிழிந்தது, அத்தோடு என் தொழிலும் போனது. அது போகட்டும். அடுத்த துறைமுகத்திலிருந்து வேறு டைவர் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் தட்டுவது நின்றுவிட்டது.

அதிகாரிக்குச் சொன்னதுதான் உனக்கும். இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

இன்னொன்று. தண்ணீரில் இறங்கும் முன் அன்று உன்னிடம் கழற்றிக் கொடுத்த சட்டை இன்னும் உன்னிடம் இருக்கிறது. முழுக்கை, நீலக் கட்டம். ஒருமுறைதான் துவைத்திருந்தேன். திருப்பித் தருவது முறை.

ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும்.

கெண்டை


மார்ச் 26

கெண்டைக்கு,

விதியை அழகாக எழுதியிருக்கிறாய். கையெழுத்து முன்னைவிடத் தேவலாம்.

சட்டை பத்திரமாக இருக்கிறது. மூன்று வீடு மாறினேன், மூன்றுக்கும் அது கூடவே வந்தது. ஒரு பொத்தான் மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. இறங்கும் முன் சட்டையை நீ ஏன் எப்போதும் என்னிடம் கழற்றிக் கொடுப்பாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அங்கே மாட்ட ஆணி இருந்தது, வைக்கப் பெட்டி இருந்தது. "உன் தோள்ல போட்டுக்க. ஏறி வந்தா சூடா இருக்கும்" என்பாய். பதினாறு வருடமும் நீ மேலே வந்து போட்டுக்கொண்டது என் உடம்புச் சூட்டை. இதற்கு ஏதாவது விதி எண் உண்டா?

நான் ஒன்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது என்பது பெரிய வசதி.

உன் இழுப்பு எனக்கு நம் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் மாதிரி. வேலை நன்றாகப் போனால் முழங்கையிலிருந்து இழுப்பாய், சுருக்கென்று வரும். எரிச்சலில் இருந்தால், ஏன்டா சும்மா கேக்கற என்கிற மாதிரி, ரெண்டாய் உடைந்து வரும். குளிர் ஏறிவிட்டால் இழுத்த பிறகு கயிறு கொஞ்சம் நடுங்கும். ஒருதடவை அண்ணியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாய். நீ வாயைத் திறக்கவில்லை, மூன்றாவது இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே வந்ததும் "போய் மன்னிப்புக் கேளு" என்றேன். "யார் சொன்னா?" என்று பாய்ந்தாய்.

அன்றைக்கு நீ உள்ளே போய் ஐம்பது நிமிடம். கேட்டேன். பதில் வரவில்லை. பத்து எண்ணினேன். பிறகு வந்தது, ஒன்று. அதில் முழங்கை இல்லை. மணிக்கட்டு மட்டும்தான் இருந்தது. தூங்குகிற ஆள் போர்வையை இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. பக்கத்தில் நின்ற இரண்டு பேரைக் கத்திக் கூப்பிட்டேன், தூக்கினோம்.

அதிகாரி கேட்டார், "நாலு தடவை இழுத்தாரா?" இல்லை சார். "பிறகு ஏன் தூக்குனீங்க?" தெரிஞ்சுது சார். "என்ன தெரிஞ்சுது?" நான் உன் பக்கம் திரும்பினேன். நீ பக்கத்து நாற்காலியில் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்க்கவே இல்லை.

ஸ்டோர் ரூமில் போட்டார்கள். இரண்டு வருடம் பெயின்ட் டப்பா அடுக்கினேன். கயிறு அடுக்கும் வேலை வந்தால் அடுத்தவனிடம் தள்ளிவிடுவேன். பிறகு வேலையை விட்டேன்.

உள்ளே செத்துப்போன எஞ்சின்காரர் வீட்டு வாசல் வரை மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர் மனைவி, அந்த அம்மா, பார்த்துவிட்டு, "யாருப்பா?" என்றார்கள். கயிறு பிடித்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. குழாய் பார்க்க வந்தவன் என்றேன். உள்ளே கூட்டிப்போய்க் குழாயைக் காட்டினார்கள். ஒழுகிக்கொண்டிருந்தது, சரிசெய்து கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளரை வாய் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

என் மனைவி, நீ வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிட்டவள், இரண்டு வருடம் முன்னால் போய்விட்டாள். சொல்லி அனுப்பினேன், நீ வரவில்லை. நல்ல பெண், ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. ஆனால் கடைசி வாரம் நினைவு தப்பித் தப்பி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, அன்னிக்கு ஏன் இழுத்தீங்க?"

நான் அவளுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். அன்றைக்கு நான் ஒரு ஆளைக் காப்பாற்றினேனா, ஒரு ஆளைக் கொன்றேனா? இது தெரிந்தவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான்.

முடிச்சு


ஏப்ரல் 8

முடிச்சுக்கு,

தங்கச்சி விஷயம் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மற்றதற்குப் பதில். உன் கடிதம் முழுக்க நீ என்னை எவ்வளவு தெரிந்துவைத்திருந்தாய் என்பதுதான் இருக்கிறது. முழங்கை, மணிக்கட்டு, குளிர், சண்டை. ஒரு மனிதன் ஒன்று சொல்கிறான். அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அவனுக்குக் கொடுக்கும் மரியாதை. நீ சொல்வது ஒன்று, எனக்குத் தெரிந்தது வேறு என்று ஒருத்தன் இன்னொருத்தனைத் தூக்கி வெளியே போட்டால் அதன் பெயர் நட்பு இல்லை, திமிர். அப்பா பிள்ளையிடம் அப்படி நடந்துகொள்ளலாம். நீ எனக்கு அப்பா இல்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவன்.

நீ மட்டும் பெயின்ட் டப்பா அடுக்கியதாக எழுதுகிறாய். என்னை எடைமேடை வாசலில் உட்காரவைத்தார்கள். பதினொரு வருடம் லாரி நம்பர் எழுதினேன். என்னைக் கடந்து போன ஒவ்வொரு டிரைவருக்கும், கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்த டைவர் இவன்தான் என்று தெரியும். "அண்ணே, கதவு வரைக்கும் போனீங்களாமே" என்பார்கள். ஆமாம் என்பேன். "கயிறு பிடிச்சவன் கெடுத்துட்டானாமே" என்பார்கள். நான் அடுத்த லாரி நம்பரை எழுதுவேன். நீ வேண்டுமானால் விசாரித்துக்கொள், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை.

உன் அண்ணி உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "ரெண்டு கிழடும் இன்னும் அந்தக் கயித்தை விடலையா" என்றாள். சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் கடிதத்தால் என் வீட்டில் வெறும் சோறு.

மறுபடியும் எழுதுகிறேன், கடைசித் தடவை. ஒருமுறை இழுத்தேன். நலமாக இருந்தேன். கதவைத் தொட்டேன்.

சட்டையை மறக்காமல் அனுப்பு.

கெண்டை


ஏப்ரல் 19

கெண்டைக்கு,

இது இடது கை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது கை இப்போது சும்மா தொங்குகிறது. பேனாவை அதில் சொருகினால் விழுகிறது, விழுந்தது தெரிவதில்லை.

ஆபரேஷன் மே 12.

உன் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். நீ நலமாக இருந்தாய். நான் தூக்கினேன். அப்படியானால் அந்த மனிதரைக் கொன்றது நான். பத்தொன்பது வருடமாகப் பாதி நம்பினேன், இனி முழுதும் நம்பிவிட்டுப் போகிறேன். பாதியாக வைத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த அம்மாவின் விலாசம் மகளிடம் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். குழாய் பார்க்க வந்தவன் யார் என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நாலு வரிதான் வருகிறது, அதனால் உனக்கு இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் மேல் கோபம் இல்லை. உன் கயிற்றை வேறு யாராவது பிடித்திருந்தால் நீ உன் கதவைத் திறந்திருப்பாய். உனக்கு நான் கிடைத்தது உன் துரதிர்ஷ்டம்.

சட்டையை அனுப்ப மனமில்லை. மன்னித்துக்கொள்.

முடிச்சு


மே 1

முடிச்சுக்கு,

அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதாதே. எழுதியிருந்தால் அனுப்பாதே. முதலில் இதைப் படி.

உன் இடதுகைக் கடிதத்தை உன் அண்ணி முதலில் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்தாள். "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றாள். எது என்றேன். "தூக்கத்துல போர்வையை இழுக்கறீங்க. ஒண்ணு ரெண்டு மூணு நாலு. நிறுத்தி, மறுபடியும் நாலு. பத்தொன்பது வருஷமா எண்ணிட்டிருக்கேன். நாலுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

மூன்றாம் நாள் காகிதம் வாங்கி வந்தேன். ஆறு காகிதம் வீணானது. இது ஏழாவது.

நான் கதவைத் தொடவில்லை.

கதவுக்கும் எனக்கும் இரண்டு கை தூரம் இருந்தது. படகு தலைகீழாகக் கிடந்ததால் மேலே போக வேண்டிய படிக்கட்டு எனக்குக் கீழே தொங்கியது. அதன் கைப்பிடிக் கம்பியில் என் காற்றுக்குழாய் மாட்டிக்கொண்டது. திரும்பிப் பார்க்க இடமில்லை. கை எட்டவில்லை. மூச்சு இழுத்தால் பாதிதான் வந்தது, அதிலும் மேலே ஓடும் கம்ப்ரசரின் புகை நாற்றம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. எதிரே அந்த மனிதர் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். நான் வருவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். என் தலைக்கவசம் சுவரில் இடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் வேகமாகத் தட்டினார்.

அப்போதுதான் நீ கேட்டாய். நலமா என்று.

நான்குமுறை இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை கயிற்றைப் பிடித்தும்விட்டது. ஆனால் ஒருத்தர் தட்டிக்கொண்டிருக்கும்போது என்னைத் தூக்கு என்று எப்படிச் சொல்வது? அது பயந்தவனின் இழுப்பு. நாளைக்கு எல்லோருக்கும் தெரியும், உனக்குத் தெரியும். நான் ஒன்று இழுத்தேன். இழுத்துவிட்டு, இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டு முற்றத்தில் காயப்போட்ட துணி தெரிந்தது.

பிறகு கயிறு இறுகியது. நீ பின்னால் இழுத்ததில் குழாய் கம்பியிலிருந்து தானாகக் கழன்றது. நான் அந்த வழியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன், தட்டும் சத்தம் சின்னதாகிக்கொண்டே வந்தது. இதை மட்டும் எழுத முடியாமல்தான் ஆறு காகிதம் போனது. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த மனிதர் தட்டத் தட்ட, எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மேலே வந்து கண் திறந்ததும் உன் முகம் தெரிந்தது. உன் தோளில் என் சட்டை. நீ என்னைப் பார்த்த பார்வையில், உனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. என்னைத் தூக்கியதற்காக உன்னை நான் வெறுக்கவில்லை. அந்த ஒரு இழுப்புக்குள் நான் ஒளித்துவைத்ததை நீ மேலே நின்றபடியே எடுத்துவிட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்ததும் கதவைத் தொட்டேன் என்று வந்துவிட்டது. ஒருமுறை சொல்லிவிட்டேன். பிறகு அதை விட முடியவில்லை. விசாரணையில் சொன்னேன், எடைமேடையில் சொன்னேன். சொல்லிச் சொல்லி, சில நாள் அந்தக் கதவின் சில்லிப்பு உள்ளங்கையில் தெரியும். போன மாதம் உனக்கும் எழுதினேன்.

நீ தூக்காமல் இருந்திருந்தால் அங்கே இரண்டு பிணம். அந்த அறைக்கு இன்னும் இரண்டு பேர் இருந்தாலும் அன்று யாராலும் போயிருக்க முடியாது. நீ யாரையும் கொல்லவில்லை. ஒருத்தனைக் காப்பாற்றினாய்.

தங்கச்சி போன அன்று வந்தேன். பஸ்ஸில் உன் ஊர் வரை வந்து, உன் தெருமுனை வரை நடந்து வந்தேன். பந்தலுக்கு வெளியே நீ நின்றிருந்தாய். உன் தோளில் ஒரு துண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

அந்த அம்மாவுக்கு எழுத வேண்டியவன் நான். எழுதிவிட்டேன். இதே தபாலில் போகிறது.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

கெண்டை


மே 5

கெண்டைக்கு,

படித்தேன். மகளை வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் படித்தேன்.

பயந்தாய் என்கிறாய். நீ பயப்படுவாய் என்று எனக்கு எப்போது தெரியாது? நீ இறங்குகிற ஒவ்வொரு நாளும் உன் முதல் இழுப்பிலேயே அது இருக்கும். நீ பயந்தேன் என்று அன்றைக்கே என்னிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருந்தால், நானே அதிகாரியிடம் போய், நாலு தடவை இழுத்தான் சார், என் கைதான் ஒன்று என்று எண்ணிவிட்டது என்று சொல்லியிருப்பேன். அதே ஸ்டோர் ரூமுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். சந்தோஷமாகப் பெயின்ட் டப்பா அடுக்கியிருப்பேன்.

கதவைத் தொட்டேன் என்று நீ சொன்னதால் நான் என் கையை நம்புவதை விட்டேன். அதன் பிறகு எதையும் தொட்டுச் சரி என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மகளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ பாரேன்" என்று உன் தங்கச்சியைக் கூப்பிடுவேன். நரம்பு இப்போதுதான் போனது. கை பத்தொன்பது வருடம் முன்னாலேயே போய்விட்டது.

அவள் கேட்டாளே, ஏன் இழுத்தீங்க என்று. ஒரு வரி இருந்தால் அவளுக்குச் சொல்லியிருப்பேன். தெருமுனை வரை வந்தாயாமே. இன்னும் நாற்பது அடி.

இதற்கு மேல் கை வலிக்கிறது. இடது கையும்.

நான் நலமாக இருக்கிறேன். நீ வர வேண்டாம்.

முடிச்சு


மே 14

முடிச்சுக்கு,

இதை ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இருபதடி தூரத்தில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். சொன்னால் உனக்குக் கேட்காது என்கிறார்கள். எனக்குக் கடிதத்தில்தான் உன்னோடு பேச வருகிறது.

உன் கடைசிக் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. நலமாக இருக்கிறேன், வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தேன். மற்ற வரிகளில் பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தியிருந்தாய். அந்த வரியில் மட்டும் அழுத்தமே இல்லை. மணிக்கட்டு மட்டும்தான் இருந்தது. உன் அண்ணியிடம் காட்டினேன். அவள் ஏற்கெனவே பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் தேதி வந்து கதவைத் தட்டினேன். உன் மகள் திறந்தாள். அவள் கண்ணில் உன் கண் இருக்கிறது. "வாங்க பெரியப்பா. அப்பா பேச மாட்டார், உக்காருங்க" என்றாள். உன் அறையில் நாற்காலி மேல் நீலக் கட்டச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது. பொத்தான் ஒன்று மட்டும் வேறு நிறம். "நேத்துத்தான் தைக்கச் சொன்னார். ரெண்டு கடைல தேடியும் அதே பொத்தான் கிடைக்கல பெரியப்பா" என்றாள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் நீ என்னைப் பார்க்கவில்லை. நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சர் கடையில் கம்ப்ரசர் ஓடியது. உன் இடது கை போர்வைக்கு மேல் அசைந்தது. அதை நான் பார்த்தேன் என்பது உனக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் தேதி காலை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீ போட்டிருந்த உன் சொந்தச் சட்டையைக் கழற்றிப் பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். சட்டை மகள் கையில் இருந்தது. கதவருகே வண்டி நின்றபோது, என் பக்கம் திரும்பாமலே அவளிடம் சொன்னாய்.

"சட்டையை அவன்கிட்ட குடும்மா."

எனக்கு ஒரு காதுதான். ஆனால் கேட்டது.

ஆபரேஷன் பாதியில் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டதாம். கழுத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள், ஆனால் நீ கண் திறக்கவில்லை. இரண்டு நாள் ஆகிறது. அந்தச் சின்ன டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்கிறாள், அதனால் எது நல்லது எது கெட்டது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உன் மகள் அவள் முகத்தையே பார்க்கிறாள். உன் அண்ணி உன் மகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

எஞ்சின்காரர் வீட்டு அம்மாவிடமிருந்து எனக்குப் பதில் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். ஒரு ஆள் மட்டும் என்றார்கள். உன் மகள் என்னைப் போகச் சொன்னாள்.

உன் இடது கையைப் பிடித்தேன். ஒருமுறை அழுத்தினேன். பத்து எண்ணினேன். பதில் இல்லை. இரண்டாம் தடவை அழுத்தினேன். இருபது எண்ணினேன். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாம் தடவை கேட்டேன், வாய்விட்டே கேட்டேன், நலமா என்று. எவ்வளவு எண்ணினேன் என்று தெரியாது.

மூன்று தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் தூக்க வேண்டும். விதி எனக்குத் தெரியும். எப்படித் தூக்குவது என்றுதான் தெரியவில்லை. பதினாறு வருடமும் நான் கீழேயே இருந்துவிட்டேன். மேலே நின்று பிடிப்பது எப்படி என்று ஒருநாள்கூட உன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மறுபடி நாளைக்கு நான்கு மணிக்குத்தான் விடுவார்களாம். இந்தப் பெஞ்சை விட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை. உன் சட்டை என் தோளில் இருக்கிறது. சூடாகத்தான் இருக்கிறது.

கெண்டை